ராத்திரி எங்கே பிளக் மாட்டுவீர்கள்? சின்ன மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த அண்ணன் மகள், சாப்பிட்டுக் கை கழுவியதும் கேட்டாள்: "சித்தப்பா, எட்டு லட்சத்துக்கு எலெக்ட்ரிக் கார் வருதே, வாங்கிடட்டுமா?" சிறுசேரியில் வேலை, மேடவாக்கத்தில் வாடகைக்கு அடுக்குமாடி வீடு. யூடியூபில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்திருந்தாள். திரை எத்தனை அங்குலம், டிக்கியில் எத்தனை பை வைக்கலாம் என்பதுவரை மனப்பாடம். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "ராத்திரி வண்டிய எங்க நிறுத்துவ? அந்த எடத்துல பிளக் பாயின்ட் இருக்கா?" அதற்கு அவளிடம் பதில் இல்லை.

நான் திருச்சியில் மூன்று வருடமாக 24 யூனிட் பேட்டரி உள்ள டாடா டியாகோ மின்காரை ஓட்டுகிறேன். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், பிறகு அவளுக்காக அலைந்து நானே கற்றுக்கொண்டதையும் இங்கே வரிசைப்படுத்துகிறேன். இதில் வரிசை முக்கியம். முதலில் ராத்திரி நிறுத்தும் இடம், அடுத்து உங்கள் ஓட்டம், பிறகு நீங்கள் போகும் சாலையில் உள்ள சார்ஜிங் நிலையங்கள், கடைசியில்தான் கார். ஷோரூமில் இதை அப்படியே தலைகீழாக ஆரம்பிப்பார்கள். கார் பிடித்துப்போன பிறகு மற்ற எல்லாவற்றுக்கும் மனசு சமாதானம் கண்டுபிடித்துக்கொள்ளும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் 'யூனிட்' என்றால் என்ன

கார் விளம்பரத்தில் வரும் கிலோவாட் அவர் வேறொன்றுமில்லை, ஈபி பில்லில் வரும் அதே யூனிட்தான். 24 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் 24 யூனிட் பிடிக்கும் தொட்டி. வெறும் 'கிலோவாட்' என்பது குழாயின் பருமன், அதாவது மணிக்கு எத்தனை யூனிட் இறங்கும் என்ற கணக்கு. வீட்டில் உள்ள 15 ஆம்ப் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். சுவரில் மாட்டும் பெரிய சார்ஜரில் 7 யூனிட் ஏறும். நெடுஞ்சாலை ஓரத்து வேகச் சார்ஜர்களில் 30, 60, 120 என்று பலகை போட்டிருப்பார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

ராத்திரி இடம்

சொந்த வீடு, வாசலிலோ போர்ட்டிகோவிலோ வண்டி நிற்கும் என்றால் வேலை சுலபம். ஒரு நாளைக்கு 35 கி.மீ. ஓட்டுகிறவருக்குச் செலவாவது ஐந்து யூனிட்தான். சாதாரண 15 ஆம்ப் பிளக்கிலேயே இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். பெரிய சார்ஜருக்கு இப்போதே பணம் போட வேண்டாம்.

ஆனால் அந்த ஒரு பிளக்கைச் சரியாகப் போடுங்கள். இஸ்திரிப் பெட்டி 15 ஆம்ப் சாக்கெட்டில் கால் மணி நேரம் ஓடும். கார் ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். மட்டமான சாக்கெட் உள்ளுக்குள் கருகும். மெயின் போர்டிலிருந்து காருக்கென்றே தனியாக 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, சுமை மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., நல்ல கம்பெனியின் கனமான சாக்கெட், இவற்றைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஒரு நாளும் ஏற்றாதீர்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் ஏறிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக்கூடாது.

இன்னொன்று எர்த். நம் பழைய வீடுகளில் எர்த் குழி காய்ந்து கிடப்பது சகஜம். ஃபேனும் லைட்டும் அதைக் கண்டுகொள்ளாது, கார் சார்ஜர் கண்டுகொள்ளும். எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு எரிந்து, ஏற்ற மாட்டேன் என்று நின்றுவிடும். என் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. வண்டி வந்த முதல் ராத்திரி ஏறவில்லை. புதிதாக எர்த் குழி தோண்டிய பிறகுதான் சரியானது. கார் வருவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்துவிடுங்கள். கூடவே ஈபி இணைப்பில் எத்தனை கிலோவாட் சுமைக்கு அனுமதி என்பதையும் பாருங்கள். ஏசியும் கீசரும் ஓடும் நேரத்தில் காரையும் மாட்டினால் டிரிப் ஆகும் வீடுகள் நிறைய. ராத்திரி பத்து மணிக்கு மேல் மாட்டினால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை.

அடுக்குமாடியில், அதுவும் வாடகையில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையான வேலை. மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி, வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே சொந்த வண்டிக்கு ஏற்றிக்கொள்ளலாம். மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-இல் வந்த திருத்தம், மின்வண்டிக்கென்று தனி இணைப்பு கேட்கவும் வழிசெய்திருக்கிறது. இதையெல்லாம் சங்கத் தலைவரிடம் சட்டம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு இருக்கும் பயம் வேறு: பொது மீட்டரில் ஏற்றிவிடுவார்களோ, கம்பி கருகினால் யார் பொறுப்பு, நாளைக்குப் பத்துப் பேர் கேட்டால் என்ன செய்வது. அந்தப் பயத்துக்குப் பதில் சொன்னால் கதவு திறக்கும்.

அண்ணன் மகள் செய்தது இது. வீட்டுக்காரரிடம் முதலில் எழுத்தில் சம்மதம் வாங்கினாள். தன் வீட்டு மீட்டரிலிருந்தே கேபிளை இறக்கி, பார்க்கிங் தூணில் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் சாக்கெட் வைப்பதாகப் படம் வரைந்து கொடுத்தாள். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் கையெழுத்தும், வீட்டைக் காலி செய்தால் தன் செலவிலேயே கழற்றிவிடுவதாக ஓர் உறுதியும் அதில் இருந்தன. கேபிள், பெட்டி, கூலி எல்லாம் சேர்த்துப் பதினான்காயிரம் ரூபாய் ஆனது. சம்மதம் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் காருக்கு முன்பணம் கட்டாமல் காத்திருந்தாள். இதில் அவசரப்படாததற்காகவே அவளைப் பாராட்ட வேண்டும்.

சம்மதம் கிடைக்கவே இல்லை என்றால்? அலுவலகத்தில் சார்ஜர் இருந்து, தினமும் இடம் கிடைக்கும் என்றால் சரி. அதுவும் இல்லை, முழுக்க முழுக்க வெளியில்தான் ஏற்ற வேண்டும் என்றால், நான் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் பணம் மட்டுமில்லை. வாரத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் எங்கோ போய் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் மாதம் அது புதுமையாக இருக்கும், நான்காவது மாதம் சலிப்பு தட்டும்.

உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள்

ஒரு மாதம், இப்போதிருக்கும் வண்டியின் மீட்டரைத் தினமும் ராத்திரி குறித்துவையுங்கள். ஒரு நோட்டு போதும். எந்த நாள் அதிகம் போனீர்கள், வருடத்தில் எத்தனை முறை 150 கி.மீ.க்கு மேல் ஒரே மூச்சில் போகிறீர்கள் என்பதைத் தனியாக எழுதுங்கள். பலருக்கு வருடத்தில் பத்துப் பயணத்துக்கு மேல் தேறாது. அந்தப் பத்துக்காகத்தான் நாம் பெரிய பேட்டரிக்கு நான்கைந்து லட்சம் அதிகம் கொடுக்கிறோம்.

கம்பெனி சொல்லும் தூரம் ஆய்வுக்கூடக் கணக்கு. என் காரை அறிமுகம் செய்தபோது 315 கி.மீ. என்றார்கள். ஏசி போட்டு ஊருக்குள் ஓட்டினால் எனக்கு 200 சொச்சம் வரும். நெடுஞ்சாலையில் 90-இல் போனால் 170, 180. பெட்ரோல் காருக்கு நேர்மாறாக, மின்காருக்கு ஊருக்குள் மைலேஜ் அதிகம், நெடுஞ்சாலையில் குறைவு. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் திரும்ப ஏறுவதும், வேகம் கூடக் கூடக் காற்றை எதிர்ப்பதற்கே கரண்ட் போவதும்தான் காரணம். எந்தக் காரைப் பார்த்தாலும், சொன்ன தூரத்தில் அறுபது சதவீதத்தை வைத்து நெடுஞ்சாலைக் கணக்குப் போடுங்கள். நடுவழியில் பதற வேண்டி வராது.

மலை தனிக் கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நான்கு பேர் உட்கார்ந்த சின்னக் காரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே எட்டு யூனிட் போகும். சாலையில் ஓடும் செலவு அதற்கு மேல். 24 யூனிட் பேட்டரியில் பாதிக்கு மேல் அந்த ஐம்பது கிலோமீட்டரில் கரையும். மேட்டுப்பாளையம் தாண்டும்போது எண்பது சதவீதமாவது இருக்கட்டும். திரும்பும்போது மேலேயே முழுசாக ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்தில் கிடைக்கும் கரண்டை அதனால் வாங்க முடியாது. மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தியும் குறைந்துபோகும், பிரேக் சூடேறும்.

ஈபி பில்லில் உண்மையான செலவு

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது என்பார்கள். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் அது பெரும்பாலும் சரியில்லை. நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, படிப்படியாக ஏறும் கட்டணம். காருக்குப் போகும் யூனிட் முதல் படியில் உட்காராது, ஏற்கெனவே நீங்கள் எரித்ததற்கு மேல் போய் உட்காரும். முதல் 100 யூனிட் இலவசத்தில் கார் ஓடுவதாக நினைத்தால் ஏமாற்றம்தான்.

என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். கார் வருவதற்கு முன் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட். மாதம் ஆயிரம் கி.மீ. ஓட்டுகிறேன். ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் காருக்கு. ஆக 740. 2024 ஜூலையில் வந்த கட்டணத்தில் 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 600 வரை 8.55, 800 வரை 9.65. அந்த 320 யூனிட்டுக்கு மட்டும் 2,700 ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டினால் கீழ்ப் படிகளின் மானியத்திலும் கொஞ்சம் போய்விடும். எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். ஏசி அதிகம் ஓடி, ஏற்கெனவே ஆயிரம் யூனிட் தாண்டும் வீடு என்றால் காரின் ஒவ்வொரு யூனிட்டும் 11.80 ரூபாய். உங்கள் பழைய பில்லை எடுத்து இப்படிப் போட்டுப் பாருங்கள். கூரையில் சூரியத் தகடு இருந்தால் கணக்கு வேறு, மிகவும் லாபம்.

ஒன்றரை ரூபாயே பெரிய மிச்சம்தான். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோலில் ஊருக்குள் சின்னக் கார் ஓட்டினால் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் ஆகிறது. வெளியில் வேகச் சார்ஜரில் நான் கொடுப்பது, 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து, யூனிட்டுக்கு 20 முதல் 25 ரூபாய். நெடுஞ்சாலையில் கிலோமீட்டருக்கு மூன்று, மூன்றரை ரூபாய் வரும். அப்படியென்றால் மிச்சம் முழுக்க ராத்திரி பிளக்கில்தான் இருக்கிறது.

வெளியே ஏற்றுவது: பலகையை நம்பாமல் பார்ப்பது எப்படி

நெடுஞ்சாலையில் இரு பக்கமும் 25 கி.மீ.க்கு ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்று 2019-லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது. 2022-இல் பாரத் பெட்ரோலியம் சென்னை, திருச்சி, மதுரை நெடுஞ்சாலையில் தன் பெட்ரோல் பங்குகளில் வேகச் சார்ஜர் வைத்தது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட சியான், டாடா பவர், ஜியோ-பிபி, ஸ்டேட்டிக் என்று இன்றைக்குப் பல நிறுவனங்கள் நம் சாலைகளில் இருக்கின்றன. நான் வாங்கிய வருடத்தோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். இருந்தாலும் வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிவது வேறு, நீங்கள் போய் நிற்கும் நேரத்தில் அங்கே ஒரு கன் வேலை செய்வது வேறு.

கன் என்பது காரில் சொருகும் பெரிய பிளக். இப்போது வரும் கார்களுக்கு வேகச் சார்ஜிங் என்றால் சி.சி.எஸ்.2 கன். மெதுவாக ஏற்ற டைப் 2. பழைய நிலையங்கள் சிலவற்றில் பாரத் டி.சி.001 என்ற 15 கிலோவாட் கன் இன்னும் தொங்கும். அது உங்கள் காருக்குப் பொருந்தாது. செயலியில் சி.சி.எஸ்.2 மட்டும் தெரியும்படி வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். மால்களிலும் ஓட்டல்களிலும் 'சார்ஜிங் வசதி உண்டு' என்று எழுதியிருப்பது பல நேரம் டைப் 2-வாகத்தான் இருக்கும். படம் பார்க்கும் மூன்று மணி நேரத்துக்கு அது நல்லது, வழிப்பயணத்துக்கு உதவாது.

அடுத்தது எல்லோரும் தவறவிடும் விஷயம். சார்ஜர் 120 கிலோவாட் என்றால் உங்கள் கார் 120 வாங்கும் என்று அர்த்தமில்லை. கார் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான். என் காருக்குப் பத்திலிருந்து எண்பது சதவீதம் ஏற 57 நிமிடம் என்று கம்பெனி சொன்னது. அதைப் பிரித்துப் பார்த்தால் மணிக்கு 18 யூனிட்தான். ஆகவே 30 கிலோவாட் சார்ஜரே எனக்குப் போதும், பெரிய சார்ஜருக்காகக் கூடுதல் கட்டணம் கொடுப்பது வீண். பெரிய பேட்டரிக் கார் வைத்திருப்பவருக்கு எதிர்ப் பிரச்சினை: 60 கிலோவாட் சார்ஜரில் இரண்டு கன் இருந்து, பக்கத்தில் இன்னொருவர் மாட்டியிருந்தால் இருவருக்கும் 30, 30 ஆகப் பிரிந்துவிடும். எண்பதுக்கு மேல் எந்தக் காரிலும் வேகம் குறையும். பின்னால் ஒருவர் காத்திருக்கும்போது நூறுவரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஒரு நிலையத்தை நான் எடைபோடும் விதம் இது. பிளக்‌ஷேர் போன்ற செயலியில் அங்கே கடைசியாக யார், என்றைக்கு ஏற்றினார்கள் என்று பார்ப்பேன். பத்து நாளாக யாரும் எதுவும் எழுதவில்லை என்றால் சந்தேகம். ஒரே கன் உள்ள நிலையத்தைத் திட்டத்தில் சேர்க்கவே மாட்டேன். அது கிடைத்தால் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடும் ஓட்டலா, எப்போதும் திறந்திருக்கும் பெட்ரோல் பங்கா? கழிப்பறை உண்டா, வெளிச்சம் உண்டா, பெண்கள் தனியாக வந்தால் அரை மணி நேரம் பயமில்லாமல் உட்கார முடியுமா? அந்தப் பகுதியில் அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா? அது காலை ஒன்பதிலிருந்து மதியம்வரை நீளும். நான் பார்த்த நிலையங்கள் பெரும்பாலானவற்றில் சார்ஜருக்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது.

ஒரு முறை இதில் ஏமாந்திருக்கிறேன். ராத்திரி எட்டரை மணி, பதினெட்டு சதவீதம், கூட அம்மா. செயலியில் பச்சையாக இருந்த நிலையத்துக்குப் போனால் ஒரு கன் உடைந்து தொங்குகிறது, இன்னொன்றின் முன்னால் பெட்ரோல் கார் ஒன்று நிற்கிறது, ஓட்டுநர் சாப்பிடப் போயிருக்கிறார். அரை மணி நேரம் கழித்து அவர் வந்து எடுத்த பிறகுதான் மாட்டினேன். அன்றிலிருந்து இரண்டு பழக்கம். இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே நிறுத்துவேன். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பதினைந்து கிலோமீட்டருக்குள் மாற்று நிலையம் ஒன்றைக் குறித்துவைத்திருப்பேன்.

பணம் கட்டுவது இன்னொரு தலைவலி. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிச் செயலி, ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே பணம் போட வேண்டும். நீங்கள் போகும் சாலையில் அதிகம் இருக்கும் இரண்டு மூன்றை மட்டும் வீட்டிலேயே பதிவு செய்து, இருநூறு முந்நூறு ரூபாய் போட்டுவையுங்கள். சிக்னல் கிடைக்காத இடத்தில் நின்றுகொண்டு ஓ.டி.பி.க்குக் காத்திருப்பது கொடுமை.

வாங்குவதற்கு முன் ஒத்திகை

முன்பணம் கட்டுவதற்கு முன்னால், இப்போதிருக்கும் பெட்ரோல் வண்டியிலோ பைக்கிலோ, மின்கார் ஓட்டுவதாகவே நினைத்துக்கொண்டு ஒரு வாரம் வாழுங்கள். உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள நிலையங்களுக்கு, உண்மையில் எந்த நேரத்தில் போவீர்களோ அந்த நேரத்தில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும் இடத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி வாடகைக் கார்கள் வரிசையில் நிற்கும். அங்கே ஏற்றிக்கொண்டிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். மின்கார்க்காரர்கள் இந்த விஷயத்தில் தாராளமானவர்கள். "எத்தனை கிலோவாட் ஏறுதுங்க? அடிக்கடி ரிப்பேர் ஆகுமா? பக்கத்துல வேற எங்க ஏத்துவீங்க?" என்ற மூன்று கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்த விமர்சன வீடியோவிலும் கிடைக்காது.

சொந்த ஊர்ப் பயணத்தையும் ஒரு முறை அப்படிப் போய்ப் பாருங்கள். மேடவாக்கத்திலிருந்து திருச்சிக்கு அண்ணன் மகளும் நானும் போட்ட திட்டம் இது: முழுசாக ஏற்றிக் கிளம்பி விழுப்புரத்தில் முதல் நிறுத்தம், சுமார் 150 கி.மீ. அங்கே எண்பதுவரை ஏற்றினால் அடுத்த நூற்றுப்பத்து, பெரம்பலூர். பெரம்பலூரில் அரை மணி நேரம் போதும், வீடு அறுபது கிலோமீட்டர்தான். பெட்ரோல் காரில் ஆறு மணி நேரம் ஆகும் பயணம் இதில் ஏழரை ஆகும். அவளுடைய பழைய காரிலேயே அந்த இரண்டு ஊரிலும் இறங்கி, கன்களைத் தொட்டுப் பார்த்து, டீ குடித்துவிட்டு வந்தாள். ஏழரை மணி நேரம் தன்னால் முடியும் என்று அப்போதுதான் முடிவுசெய்தாள். வருடத்தில் நான்கு பயணம்தானே.

எல்லாச் சாலையும் இப்படி இல்லை. நான் கோடியக்கரைப் பக்கம் போனால் தஞ்சாவூரில் நிரப்பிக்கொண்டு, ராத்திரி தங்கும் விடுதியில் 15 ஆம்ப் பிளக் இருக்கிறதா என்று முன்பே போனில் கேட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். காரோடு வரும் கையடக்கச் சார்ஜரை டிக்கியிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

இப்போது கார்

மேலே சொன்னதை முடித்தவருக்கு எந்தக் கார் என்பது தானே தெளிவாகிவிடும்.

ஊருக்குள் மட்டும், வீட்டில் இன்னொரு கார் உண்டு என்றால் எம்ஜி காமெட். 17 யூனிட் சொச்சம் பேட்டரி, நான்கு பேர், இரண்டு கதவு, நிறுத்த இடமே வேண்டாம். ஆனால் அதற்கு நெடுஞ்சாலையில் கிடைக்கும் சி.சி.எஸ்.2 வேகச் சார்ஜிங் கிடையாது. வெளியூர் ஆசை இருப்பவர் அதைத் தொட வேண்டாம். வீட்டில் ஒரே கார், வருடத்தில் சில வெளியூர்ப் பயணம் என்றால் டியாகோவில் 24 யூனிட். 19 யூனிட் வகை விலை குறைவுதான், ஆனால் நெடுஞ்சாலையில் ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் நிறுத்தச் சொல்லும். மாதாமாதம் வெளியூர் என்றால் கொஞ்சம் மேலே போய் டாடா பஞ்ச், எம்ஜி விண்ட்சர் ஆகியவற்றின் பெரிய பேட்டரி வகைகளைப் பாருங்கள். தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்ட்டின் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தது நமக்குப் பெருமை. அங்கிருந்து முதலில் வந்த இரண்டு கார்களும் இந்த விலைக்கு மேலே.

பேட்டரிக்கு வாடகை என்ற திட்டத்தில் விலை சட்டென்று குறைவாகத் தெரியும். விண்ட்சர் அறிமுகமானபோது கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. அதோடு ஈபி ஒன்றரை ரூபாயைச் சேர்த்தால் ஐந்து ரூபாய், பெட்ரோலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஓட்டாத மாதத்துக்கும் குறைந்தபட்சத் தொகை உண்டா, திட்டத்திலிருந்து வெளியேற என்ன வழி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விலையை ஒப்பிடும்போது வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை மட்டும் பாருங்கள். மின்காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சின்னப் பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்ததால் இரண்டுக்கும் விலை இடைவெளி முன்பைவிடக் கூடியிருக்கிறது. அந்த வித்தியாசம் மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டால், வீட்டில் ஏற்றிக் கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய் மிச்சம் பிடிப்பவருக்கு 55,000 கி.மீ.யில் அது திரும்பும். மாதம் ஆயிரம் ஓட்டினால் நாலரை வருடம். மாதம் முந்நூறு ஓட்டுபவர் பணத்துக்காக மின்கார் வாங்க வேண்டாம். புகையும் சத்தமும் இல்லாத வண்டி வேண்டும் என்று வாங்கினால் அது தனி மகிழ்ச்சி.

தமிழ்நாட்டுச் சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31 வரை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. நீங்கள் பதிவு செய்யும் நாளில் எந்த அரசாணை நடப்பில் இருக்கிறது என்று கேட்டு, கொட்டேஷனில் வரியைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வருமான வரிக் கழிவு உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். மின்வண்டிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். இ-டிரைவ் மானியமும் சொந்த உபயோகக் காருக்கு இல்லை. காப்பீட்டில் பேட்டரிக்குள் தண்ணீர் போனாலும், சார்ஜர் கருகினாலும் இழப்பீடு உண்டா என்று கேளுங்கள். தாழ்வான பகுதியில் இருக்கும் சென்னைவாசிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி உத்தரவாதம் டியாகோவுக்கு 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவார்கள் என்ற வரியை உத்தரவாதப் புத்தகத்தில் நீங்களே படியுங்கள். உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் உயர் மின்னழுத்த வேலைக்குப் பயிற்சி பெற்ற மெக்கானிக் இருக்கிறாரா, இல்லை வண்டியை மதுரைக்கோ கோவைக்கோ ஏற்றி அனுப்புவார்களா என்பதையும் விசாரியுங்கள்.

சாவி வாங்கும் நாள்

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஷோரூமிலேயே இரண்டு முறை ஏற்றிப் பாருங்கள்: கையடக்கச் சார்ஜரில் பத்து நிமிடம், வேகச் சார்ஜரில் பத்து நிமிடம். வேகச் சார்ஜிங் பக்கம் கோளாறு இருந்தால் அது முதல் வெளியூர்ப் பயணத்தில்தான் தெரியவரும், அது தெரியவர வேண்டிய இடம் அதுவல்ல. கன் காரில் சிக்கிக்கொண்டால் கையால் விடுவிக்கும் கயிறோ நெம்புகோலோ எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஸ்டெப்னி உண்டா, பஞ்சர் கிட் மட்டுமா என்று பாருங்கள். காருக்குள் இன்னொரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியில் கரண்ட் இருந்தாலும் அது செத்தால் கார் கிளம்பாது. ஊருக்குப் போய்ப் பல வாரம் வண்டியை நிறுத்துபவர்கள் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.

முதல் மாதம் வெளியூர் வேண்டாம். தினமும் ராத்திரி மாட்டி, எத்தனை கி.மீ.க்கு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று அதே நோட்டில் எழுதுங்கள். உங்கள் காலுக்கும் உங்கள் சாலைக்கும் உரிய எண் அதில் கிடைக்கும். அதற்குப் பிறகு முதல் பயணத்தை ஒரே ஒரு நிறுத்தம் தேவைப்படும் தூரத்துக்கு, பகலில், வார நாளில் வையுங்கள். அண்ணன் மகளின் முதல் பயணம் புதுச்சேரி. போக ஒரு முழு சார்ஜ், ஊருக்குள் மதியம் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். இரண்டாவது பயணத்தில்தான் திருச்சிக்கு வந்தாள். விழுப்புரத்தில் முதல் நிலையத்தில் வரிசை, நான்கு கிலோமீட்டர் தள்ளிக் குறித்துவைத்திருந்த மாற்று நிலையத்தில் ஏற்றினாளாம். வாசலில் வந்து நின்றதும் கேட்ட முதல் கேள்வி, "சித்தப்பா, உங்க பிளக் காலியா இருக்கா?"